சிலுவை காய்த்த வருஷம்

வெள்ளாந்துறையில் பெரிய வெள்ளிக்கிழமைச் சிலுவை தளிர்விட்டது எந்த வருஷம் என்று இன்றைக்கு யாரைக் கேட்டாலும் சிரிப்பார்களே தவிரச் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் சொல்லவேண்டியவர்கள் எல்லாரும் அந்தச் சிலுவையில் காய்த்த பழத்தைத் தின்றவர்கள், தின்றவர்களுக்கு நாளும் கிழமையும் கிடையாது. ஆனால் கித்தேரியாளுக்குத் தெரியும், அவளுடைய ஒரே மகன் ரெமிஜியுஸ் கூப்பிடுகிற தூரத்தில் கடலுக்குள் செத்துப்போன ஏழாவது வருஷம் அது, தவக்காலம் முழுக்க ஒரு சொட்டு மழை இல்லாத வருஷம், கோவில் பரணில் இருந்து இறக்கும்போதே பழைய தேக்குச் சிலுவை கறையான் அரித்துப் பொடிப்பொடியாக உபதேசியார் தலையில் கொட்டிய வருஷம்.

புதுச் சிலுவைக்கு மரம் வேண்டும். குருத்து ஞாயிறு முடிந்துவிட்டது, டவுனுக்குப் போய் மரம் பார்த்து அறுத்து வர நாள் இல்லை, ஊர்க் கமிட்டிக்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டு கரையோரமாக நடந்தபோது தெற்கே கவிழ்ந்து கிடந்த வள்ளம் கண்ணில் பட்டது. அது ரெமிஜியுஸின் வள்ளம். ஏழு வருஷமாக அதை யாரும் தொடவில்லை, அடுப்பெரிக்க ஒரு சிலாம்பு உடைத்தவர் இல்லை, வெயில் நேரத்தில் அதன் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்தியவர் இல்லை. நல்ல அயினி மரம், உப்பில் ஊறி இரும்பாகிக் கிடந்தது. அதன் அடிக்கட்டை ஒரு ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது, சிலுவைக்கென்றே அளவெடுத்த மாதிரி. ஆசாரி இரண்டே நாளில் வேலையை முடித்துவிட்டான்.

பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்று சொல்லமுடியாது, தோன்றியது, ஆனால் கேட்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் அடுத்தவரை நினைத்துக்கொண்டார்கள். வெள்ளாந்துறைக்காரர்கள் எதையும் உத்தரவு கேட்காமல் செய்கிறவர்கள் அல்ல. கோவில் புனிதர் சந்தியாகப்பரிடம் மெழுகுதிரி ஏற்றிக் கேட்பார்கள், சாமியாரிடம் முழங்கால் போட்டுக் கேட்பார்கள், கமிட்டியிடம் துண்டை இடுப்பில் கட்டிக் கேட்பார்கள். யாருடைய பொருளோ அந்த ஆளிடம் மட்டும் கேட்க மறந்துபோகும். அந்த ஊர் செய்த தப்பெல்லாம் இந்த ஒரே வகைதான்.

ரெமிஜியுஸ் செத்ததும் இதே வகையில்தான். வெள்ளாந்துறையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக்கூடாது, கோவில் கட்டுவதற்கு முன்பே இருந்த கட்டுப்பாடு அது. ஒரு ஞாயிறு சாளைக்கூட்டம் கரையை ஒட்டி வெள்ளியாய்ப் புரண்டபோது இருபத்திரண்டு வயதுக்காரன் பொறுக்கமாட்டாமல் வள்ளத்தைத் தள்ளிவிட்டான். அன்று சாயங்காலமே கமிட்டி கூடி வீட்டுக்கு ஊர்விலக்கு வைத்தது: ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டோடு பேச்சில்லை, நெருப்பில்லை, தண்ணீர் இல்லை, அவன் வள்ளத்தில் ஏற ஆள் இல்லை. முதலில் கை தூக்கியவன் கமிட்டித் தலைவன் கஸ்பார், கித்தேரியாளின் செத்துப்போன புருஷனுக்குக் கூடப்பிறந்த தம்பி, பையனுக்குச் சொந்தச் சித்தப்பா. சொந்த ரத்தத்துக்குச் சலுகை காட்டினான் என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லிவிடக்கூடாதே என்ற பயத்தில் தூக்கிய கை அது.

ஆள் இல்லாமல் பையன் பாயில் கிடந்தான். ஒருநாள் காலை, கச்சான் காற்று பேயாக வீசிக்கொண்டிருந்தபோது, கித்தேரியாள் பானையைக் கழுவிக்கொண்டே சொன்னாள், "ஊருதான வெலக்கு வச்சிருக்கு, வயிறுமா வச்சிருக்கு? பொட்டச்சி மாதிரி பாயிலயே கெட." அவன் எழுந்து, பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டுத் தனியாகப் போனான். அலை உடைகிற இடத்தில் வள்ளம் கவிழ்ந்தது. அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலையைச் சொல்லி முடிக்கிற நேரத்துக்கும் மேலே அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கரையில் நாற்பது பேர் நின்றார்கள். கஸ்பார் தன் வள்ளத்தில் கை வைத்தான், மற்ற முப்பத்தொன்பது பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள், அவன் கையை எடுத்துவிட்டான். பிள்ளையின் உடம்பு சாயங்காலம் ஒதுங்கியது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கமிட்டி கூடி, விலக்கை எடுத்துவிட்டதாக வீட்டு வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் அல்ல, அதுதான் பெரிய கொடுமை. யார் வைத்தது என்று தெரியாமல் அவள் வாசலில் மீன் இருக்கும். மழைக்கு முன்னால் கூரை மாறியிருக்கும். ஒவ்வொரு தவக்காலத்திலும் அவர்கள் வரிசையாகப் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலிட்டு அந்தக் காலைப்பொழுதைச் சொல்லி அழுதார்கள். ஏழு வருஷத்தில் மூன்று சாமியார்கள் மாறினார்கள், மூன்று பேர் காதிலும் அது விழுந்தது, மூன்று பேரும் கையை உயர்த்தி மன்னித்தார்கள். பெற்றவள் காதில்தான் ஒரு சொல்லும் விழவில்லை. யாரையும் தண்டிக்கவேண்டும் என்று அவள் கேட்கவில்லை. யாராவது ஒருத்தன் அவள் முகத்தைப் பார்த்து, நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம் என்று சொன்னால் போதும். அது வந்தால் மகன் செத்தது ஒரு வழியாக முடிந்துவிடும், வராதவரைக்கும் அவன் செத்துக்கொண்டே இருந்தான்.

பெரிய வெள்ளிக்கிழமை சிலுவை முத்தம் செய்கிற வரிசையில் முழங்காலில் நகர்ந்து வந்தவள் மரத்தில் வாயை வைத்ததும் கண்டுகொண்டாள். என்ன இருந்தாலும் அந்தக் கட்டைக்கு மீன்நெய் தேய்த்துத் தேய்த்துக் கருக்கியவள் அவள்தான். முத்தமிட்டு எழுந்துபோனாள். பின்னால் நின்றவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

வழக்கப்படி சிலுவையைக் கல்லறைத் தோட்டத்து மேட்டில் நட்டார்கள். பாஸ்கா முடிந்து திங்கட்கிழமை பிடுங்கப் போனால் அது வரவில்லை, நான்கு பேர் சேர்ந்து ஆட்டியும் அசையவில்லை, வேர் இறங்கியிருந்தது. குறுக்குக்கட்டையின் இரண்டு நுனியிலும் எண்ணெய் தடவின மாதிரி தளிர் மின்னியது. உபதேசியார் ஆடு கடிக்காமல் இருக்கச் சுற்றிலும் முள் அடைத்தார், அவ்வளவுதான். அடுத்த பெரிய வெள்ளிக்கு வேறு சிலுவைக்கு இப்போதே மரம் சொல்லிவைக்கவேண்டும் என்று கமிட்டியில் பேசிக்கொண்டார்கள். ஒரு மரத்தால் பாவம் வந்தது, ஒரு மரத்தால் மீட்பு வந்தது என்று வருஷாவருஷம் பிரசங்கம் வைக்கிற பங்குச்சாமியார் இருதயநாதருக்குத்தான் தலைவலி, இது இரண்டில் எந்த மரம் என்று அவருக்குப் பிடிபடவில்லை, ஆயர் இல்லத்துக்கு எழுதிப்போட்டார். விசாரணைக் குழு வருகிறவரை யாரும் மரத்தின் எதையும் உட்கொள்ளலாகாது என்று பதில் வந்து சேர்வதற்குள் மரம் கோபுரத்தில் பாதி வளர்ந்து காய்த்துப் பழுத்துவிட்டது. கொய்யா அளவுப் பழம், தொட்டால் கைப்பிள்ளையின் உச்சந்தலை மாதிரி மெத்தென்று அமுங்கும்.

முதலில் தின்றவன் தொம்மந்திரை. குடிக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் இரண்டைப் பறித்தவன். மறுநாள் காலை அவன் எழுந்து பெண்சாதியின் நெற்றியில் இருந்த தழும்பைத் தொட்டுப் பார்த்து, "இது எப்படி வந்திச்சு, வலிக்கா?" என்று கேட்டான். அவள் பேயறைந்த மாதிரி நின்றாள். அவன் விளையாடவில்லை, அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை. சாராய வாடையும் இல்லை, கண்ணில் பழைய சிவப்பும் இல்லை. அவள் மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள், தான் மட்டும் அதை நினைத்துக்கொண்டு இருப்பது பொறுக்கமுடியாமல் அவளும் ஒரு பழத்தைத் தின்றாள்.

அப்புறம் ஊர் சும்மா இருக்குமா. தின்றவன் செய்த பாவமும் போகிறது, செய்தோம் என்ற நினைப்பும் போகிறது என்று தெரிந்ததும் முள்வேலியில் கால்கள் கிழிந்தன. அடிதடி வேண்டாம் என்று கமிட்டி ஒழுங்கு செய்தது, அன்பியம் அன்பியமாக, தெருவுக்கு இத்தனை, வீட்டுக்கு இத்தனை என்று, திருவிழாச் சோறு பங்கு வைக்கிற அதே ஒழுங்கில். கமிட்டித் தலைவன் கஸ்பார் நின்று பங்கு வைத்தான், தனக்கு எடுக்கவில்லை. கரையில் நின்ற நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் தின்றார்கள். அவர்கள் பெண்சாதிகள் தின்றார்கள், குழம்பில் உப்பு கூடிப்போனதைத் தவிர வேறு பாவம் அறியாத கிழவிகளும் பேருக்கு ஒரு கடி கடித்தார்கள். பாவசங்கீர்த்தனக் கூண்டு காலியாகி அதற்குள் யாருடைய கோழியோ அடைகாத்தது. இருபது வருஷமாக அடுத்தவர் பாவத்தைக் காது வழியாக வாங்கி வாங்கி வைத்திருந்த சாமியார் இருதயநாதர், திவ்விய நற்கருணைத் திருநாள் முடிந்த மறுநாள், அங்கியைக்கூடக் கழற்றாமல் மரத்தடியில் உட்கார்ந்து நான்கு பழம் தின்றார். விசாரணைக் குழு என்று காரில் வந்த இரண்டு பெரியவர்களும் சாயங்காலம் கரையில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஊர் அழகாக இருந்தது, அதை மறைத்து என்ன செய்ய. கதவுகள் திறந்து கிடந்தன, பத்து வருஷம் முகம் பாராதவர்கள் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், பூசையில் நெஞ்சில் அடித்துக்கொள்கிற இடம் வரும்போது ஒரு கையும் எழும்பாமல் எல்லாரும் குருவிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கித்தேரியாள் பின்வரிசையில் தனியாக நெஞ்சில் அடித்துக்கொண்டாள். இவர்களாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று அவள் நினைக்கப் பார்த்த நாட்களும் உண்டு.

ஒரு மத்தியானம் அவர்கள் சிரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் வந்தார்கள், பத்துப் பதினைந்து பேர், எல்லாரும் அன்று கரையில் நின்றவர்கள். தொம்மந்திரை சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான்.

"அக்கா, இது யாரு? நல்லா சிரிக்கான்."

"எம் மவன். நீங்க எல்லாரும் கரையில நின்னு பாத்துக்கிட்டு இருக்கையில செத்தான்."

அவர்கள் வசதியாகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"அப்பறம்?" என்றான் தொம்மந்திரை.

"கூப்புட்டான். ஒருத்தனும் போகல."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்ல. செத்துட்டான்."

கதை இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அடுப்பில் இருந்த மரச்சீனிக்கிழங்கை எடுத்து ஆளுக்கொரு துண்டு தின்றுவிட்டு, அவள் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சிவிட்டுப் போனார்கள். ஏழு வருஷம் அவர்கள் தலைகுனிந்து போனதைப் பார்த்துப் பார்த்து எரிந்தவளுக்கு, அந்தக் குனிந்த தலைகள்தான் தன் மகனுக்கு ஊரில் மிஞ்சியிருந்த ஒரே கல்லறை என்று அன்றைக்குப் புரிந்தது.

கெட்டது போனபோது அதன் கையைப் பிடித்துக்கொண்டு நல்லதும் போயிருந்தது. இதை ஊர் கவனிக்கவில்லை, கவனிக்க ஆள் இல்லை. படுக்கையில் கிடந்த செபத்தியாள் கிழவியை மருமகள் முன்பெல்லாம் ஏசுவாள், ஏசிக்கொண்டே தண்ணீர் கொடுப்பாள். இப்போது ஏசவும் இல்லை, தண்ணீரும் இல்லை. கிழவி வாய்விட்டுக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள், கேட்கக் கிழவிக்கு வாய் வரவில்லை. செத்து இரண்டு நாள் ஆகியும் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கித்தேரியாள்தான் போய்க் குளிப்பாட்டித் துணி மாற்றினாள். கல்லறைத் தோட்டத்துக்கு வந்தபோது அங்கே ஒருத்தன் மம்பட்டியோடு குழி வெட்டிக்கொண்டிருந்தான், கஸ்பார்.

மண்ணைத் தள்ளி முடித்து இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். இளவெயில் மரத்தின் இலைகளில் இறங்கிக்கொண்டிருந்தது.

"மதினி," என்றான். ஏழு வருஷமாக அந்த வாய் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. "நாந்தான் கைய எடுத்தேன். வள்ளத்துல வச்ச கைய எடுத்துட்டேன். நா தள்ளியிருந்தா எல்லாவனும் தள்ளியிருப்பான். நின்னு பாத்தோம் மதினி. அவன் முங்குத வரைக்கும் நின்னு பாத்தோம்."

இந்தச் சொல் வந்தால் அவனை அடிப்போம், இல்லை விழுந்து அழுவோம், அழுது முடித்து ஒருநாளாவது நன்றாகத் தூங்குவோம் என்றெல்லாம் அவள் நினைத்துவைத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தாகத்துக்குக் கடல் தண்ணீரைக் குடித்த மாதிரி இருந்தது.

"என்ன சொல்லிக் கூப்புட்டான்?" என்று கேட்டாள்.

"சித்தப்பான்னுதான் கூப்புட்டான். சித்தப்பா, சித்தப்பான்னு."

"என்னய?"

கஸ்பார் மம்பட்டிக் கணையைப் பிடித்துக்கொண்டான். "கடேசியில ஒரு தடவ. 'அம்மாட்ட சொல்லாதீய சித்தப்பா'ன்னான்."

அவள் அப்படியே புது மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, பாயைப் பற்றியும் பானையைப் பற்றியும் தான் சொன்ன சொல்லைப் பற்றியும், எந்தச் சாமியாரிடமும் சொல்லாததை, மகனைக் கைவிட்டவனிடம் சொன்னாள். அவன் ஒரு ஆறுதலும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டான்.

அன்றுமுதல் ஒவ்வொரு நாளும் கஸ்பார் வந்தான். வாசற்படிக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்காருவான், அவள் உள்ளே உட்காருவாள், ரெமிஜியுஸைப் பற்றிப் பேசுவார்கள்: அவன் முதல்முதலில் துடுப்புப் போட்டது, கோவிலில் முதன்முதலாகப் புது நன்மை வாங்கிய அன்று வெள்ளைச் சட்டையோடு சேற்றில் விழுந்தது, நண்டு கடித்த விரலைக் காட்டி ஊரெல்லாம் சுற்றியது. ஊரில் வேறு யாரிடம் பேச? பாவம் என்றால் என்ன என்று தெரிந்த ஆட்கள் வெள்ளாந்துறையில் இரண்டு பேர்தான், ஏதேன் தோட்டத்தில் இருந்து எல்லாரும் துரத்தப்பட்டதாக வேதம் சொல்கிறது, இங்கே எல்லாரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள இந்த இரண்டு பேர் வெளியே நின்றார்கள். அவனுக்காக அவள் அரைப்படி அரிசி கூடப் போட்டாள். அவன் வருகிற நேரத்துக்கு வாசலைப் பார்த்தாள். மகன் சாவதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் வருகிறானா என்று கண் தேடுகிற கேவலத்தை நினைத்து அவளுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது, ஆனாலும் கண் தேடியது.

கஸ்பார் தேய்ந்துகொண்டு வந்தான். மாதா மாதம் இடுப்பில் வேட்டி ஒரு சுற்று கூடியது.

"மதினி, அன்னைக்கு நா நின்ன எடத்துல இருந்துதான அவனப் பாத்தேன்," என்றான் ஒருநாள். "இப்ப தொம்மந்திரை நின்ன எடத்துல இருந்தும் பாக்கேன். பக்கத்துல சூச நின்ன எடத்துல இருந்தும் பாக்கேன். பழத்தத் தின்னவன் எறக்கி வச்சதெல்லாம் எங்கயும் போகல, கரையில நின்னதுல தின்னாதவன் நாந்தான, எம்மேல ஏறிக்கிட்டு. தொம்மந்திரை பொண்டாட்டிய அடிச்சது எங்கையில வலிக்கு. நாப்பது பேரு செமந்தத ஒருத்தன் எப்பிடி செமக்க? நானும் ஒண்ணு தின்னுக்கிடட்டா?"

"கூடாது," என்றாள் அவள்.

"மதினி."

"நீயும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா? எம் பிள்ளையப் பத்தி நா செவுத்துக்கிட்டயா பேச? அனுபவி. நின்னயில்லா, அனுபவி."

அவன் தலையாட்டினான். அப்படியே செய்தான், அதுதான் அவளால் பிறகு தாங்கமுடியாமல் போனது. ஜெபமாலை மாதம் போனது, இறந்தவர்கள் திருநாளுக்குக் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்ற அந்த இரண்டு பேரைத் தவிர யாரும் வரவில்லை. மரம் இலை உதிர்க்கத் தொடங்கியது. பழங்கள் கிளையிலேயே சுருங்கி உதிர்ந்து மண்ணாகின, திருவருகைக் காலம் பிறந்தபோது வடக்குக் கிளையில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது.

"அத நீங்க தின்னுங்க மதினி," என்றான் கஸ்பார். "எம்பாட்ட நா பாத்துக்கிடுதேன். உங்களுக்காது ஒரு விடுதல கெடைக்கட்டும்."

"அதத் தின்னா என் பாவத்தோட அன்னைக்குக் காலையில நடந்ததும் போயிரும்," என்றாள். "அவன் பாயச் சுருட்டி வச்சத நா அன்னைக்குத்தான கடேசியாப் பாத்தேன். அது போச்சுன்னா அவன் மொகமும் போச்சு. என் பாவத்துக்குள்ளதான் எம் பிள்ள இருக்கான் கஸ்பாரு. அத எறக்கி வச்சா அவனயும்லா எறக்கி வைக்கணும்."

மார்கழி பிறப்பதற்கு முன்னால் ஒரு காலை அவள் கரைக்குப் போனபோது கஸ்பார் கழுத்தளவு தண்ணீரில் நின்றான், அலை உடைகிற இடத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு அடியாக உள்ளே போய்க்கொண்டிருந்தான். கரையில் நின்ற ஆட்கள் அவன் தலை மேலேயும் கீழேயும் போவதைப் பார்த்து வேடிக்கையாகக் கை தட்டினார்கள். கித்தேரியாள் சேலையோடு இறங்கி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தடியன் என்று பேர் எடுத்தவன் காய்ந்த ஓலை மாதிரி கையோடு வந்தான்.

"கூப்புடுதான் மதினி," என்றான் நுரையைத் துப்பிக்கொண்டு. "நாப்பது பக்கமும் இருந்து கூப்புடுதான். ஒரு தடவயாவது போயிட்டு வந்துருதேன்."

அவனை மணலில் உட்காரவைத்துவிட்டு அவள் ஈரச்சேலையோடு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள். வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள், பாதி வழியில் ஒருமுறை திரும்பியும்விட்டாள். தன்மேல் என்ன வந்து ஏறும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், அவன்தான் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறானே. வடக்குக் கிளையைத் தாழ்த்தி அந்தக் கடைசிப் பழத்தைப் பறித்தாள். கொண்டுவந்து அவன் முன்னால் நீட்டினாள்.

கஸ்பார் பழத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். "என்னய மன்னிச்சிட்டியளா மதினி?"

அவள் வாயைத் திறந்தாள். அந்தச் சொல்லை வெளியே கொண்டுவர எவ்வளவோ பார்த்தாள், தொண்டைக்குள் மீன்முள் சிக்கின மாதிரி அது நின்றுகொண்டது.

"தின்னு," என்றாள்.

அவன் தின்றான். பசித்த பிள்ளை தின்பது போல் சாறு முழங்கை வரை ஒழுகத் தின்றான், தின்னத் தின்ன முகத்தில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாக அழிந்தன, கடைசித் துண்டு தொண்டையில் இறங்கியபோது அவன் சுமந்ததெல்லாம் கித்தேரியாளின் மேல் வந்து விழுந்தது.

முதலில் கால்கள். மணலில் புதைந்த நாற்பது ஜோடிக் கால்கள், எல்லாம் அவள் கால்கள், ஒன்றும் நகரவில்லை. பிறகு வள்ளத்து விளிம்பின் ஈரம் உள்ளங்கையில் பட்டது, அந்தக் கையை அவளே எடுத்தாள். தூரத்தில் கவிழ்ந்த வள்ளமும் அதன்மேல் ஒரு சின்னக் கறுத்த தலையும் நாற்பது இடத்தில் இருந்து தெரிந்தன. அன்று வீட்டுக்குள் பானை கழுவிக்கொண்டிருந்ததால் அவள் கேட்காத குரல் இப்போது கேட்டது, பிள்ளையின் குரல், தொண்டை கிழிந்த குரல். அதோடு அவர்களுடைய காரணங்களும் வந்தன. ஒருத்தனுக்குப் பெண்சாதி நிறைமாதம், ஒருத்தனுக்குப் போன வருஷம்தான் அண்ணன் இதே அலையில் போனான், ஒருத்தன் அடுத்தவன் இறங்கட்டும் என்று பார்த்தான், அடுத்தவன் இவன் இறங்கட்டும் என்று பார்த்தான், கஸ்பார் ஊரின் வாய்க்குப் பயந்தான். எல்லாம் அற்பக் காரணம், எல்லாம் உண்மை, எல்லாம் அவளுடைய காரணம். தானும் அங்கே நின்றிருந்தால் நின்றுதான் இருப்போம் என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. தொண்டையில் சிக்கியிருந்தது அந்த நேரம் பார்த்துத்தான் இளகியது.

"மன்னிச்சிட்டேன் கஸ்பாரு," என்றாள். "ஒன்னயும் மன்னிச்சிட்டேன், எல்லாரயும் மன்னிச்சிட்டேன்."

"எதுக்கு மதினி?" என்றான் கஸ்பார், முழங்கையை நக்கிக்கொண்டு. அவள் மூச்சுவிடத் திணறுவதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான், நல்ல வெள்ளையான சிரிப்பு. "எனக்குப் பசிக்கு. வீட்டுல சோறு இருக்கா?"

கடலில் பிள்ளை கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே முழங்காலை ஊன்றி மெதுவாக எழுந்தாள்.

"இருக்கு. வா," என்றாள். அவனுக்கு முன்னால் நடந்துபோய், தட்டைக் கழுவி, பழைய சோற்றில் குழம்பை ஊற்றிக் கொடுத்தாள், போதாது என்று அவன் தட்டை நீட்டியபோது இன்னொரு கரண்டி ஊற்றினாள்.